எட்டு ஓட்டை மினிபைக்

இந்த வண்டியை எனக்கு விற்றவர் மூன்று விஷயங்கள் சொன்னார். 1968 மாடல், ரப் கம்பெனி தயாரிப்பு, எஞ்சின் முதல் நாளிலிருந்து இதில்தான் இருக்கிறது. அதில் இரண்டு தப்பு என்று பின்னால் தெரிந்தது. மிச்சம் ஒன்றை நிரூபிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. அவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு விற்றவர் சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னார், அவ்வளவுதான். பழைய அமெரிக்க மினிபைக் கைமாறும்போது கூடவே ஒரு கதையும் கைமாறும். ஒவ்வொரு கையிலும் கதை கொஞ்சம் வளரும், வண்டியில் ஒரு போல்ட் குறையும்.

அந்த ஒரு வண்டியைப் பிரித்து, அதில் எது எப்போது நடந்தது என்று பார்த்து, எந்த நிலைக்கு அதைத் திருப்புவது என்று முடிவெடுத்த விவரம்தான் இது. ரிப்பேர் பாதி, துப்பறிதல் பாதி.

சந்தைத் திடலில்

வாங்கிய இடம் போர்ட்லண்ட். ஒரிகன் மாநிலத்தில் இருப்பது இல்லை, இந்தியானாவில் இருக்கும் சின்ன ஊர். ஃபோர்ட் வெய்னிலிருந்து 27-ம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே ஒரு மணி நேரம் போக வேண்டும். இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும்தான். ஜூலையில் ஜே கவுண்டி சந்தைத் திடலில் வின்டேஜ் மோட்டார் பைக் கிளப்பின் கூடுகை நடக்கும். குஷ்மன் ஸ்கூட்டர், சைக்கிளில் எஞ்சின் மாட்டிய விஸ்ஸர், டூடுல்பக், மினிபைக் என்று சின்ன எஞ்சினில் ஓடும் எல்லாமே வரும். பாதிப் பேர் ஓட்ட வருவார்கள், பாதிப் பேர் தார்ப்பாயில் துருப்பிடித்த கார்புரேட்டர்களைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருப்பார்கள். புதுப்பேட்டையைப் புல்தரையில் விரித்துப்போட்ட மாதிரி இருக்கும், பேரமும் ஏறக்குறைய அதே மாதிரிதான்.

350 டாலர் கேட்டார், 275-க்கு முடிந்தது. கையில் கிடைத்தவை: கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்த ஒரு சட்டம், இறுகிப்போய் கயிறு இழுபடாத, டெகம்சே கம்பெனி எஞ்சின் ஒன்று, இரண்டு சக்கரம், கிழிந்த சீட், ஒரு காபி டின் நிறைய நட்டு போல்ட். டின்னுக்குள் இருந்தவற்றில் பாதி இந்த வண்டியுடையது இல்லை.

மினிபைக்கைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. வளைத்த இரும்புக் குழாயில் ஒரு சட்டம். நடுவில் புல்வெட்டும் மெஷினுக்கும் தோட்ட உழவு மெஷினுக்கும் செய்த வகை எஞ்சின், பெரும்பாலும் இரண்டரையிலிருந்து ஐந்து குதிரைசக்தி. கியர் கிடையாது. வேகம் ஏறினால் தானே பிடித்துக்கொள்ளும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒரு செயின். மலிவான வண்டிகளில் சஸ்பென்ஷனும் இருக்காது, சீட்டில் இருக்கும் பஞ்சுதான் சஸ்பென்ஷன். என் மகள் முதல்முறை பார்த்துவிட்டு, "அப்பா, இது பைக்கா, புல்லு வெட்டுற மெஷினா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இது எங்கே தொடங்கியது என்பதில் சேகரிப்பவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. போர் முடிந்ததும் 1946 முதல் 1948 வரை அயோவாவின் வெப்ஸ்டர் சிட்டியில் டூடுல்பக் என்ற குட்டி ஸ்கூட்டர் தயாரானது. ஐம்பதுகளில் டிராக் ரேஸ்காரர்கள் பந்தயத் திடலுக்குள் போய்வர குட்டி வண்டிகளைத் தாங்களே வெல்ட் செய்துகொண்டார்கள். 1956-ல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் ஒரு வெஸ்ட் பெண்ட் எஞ்சினை வைத்து முதல் கோ-கார்ட்டைச் செய்தார். என்னைக் கேட்டால் திருப்பம் அங்கேதான். கார்ட்டுக்காகக் கிளட்ச், செயின், ஸ்ப்ராக்கெட் எல்லாம் கடையில் தனித்தனியாகக் கிடைக்க ஆரம்பித்தன. அதே சாமான்களை இரண்டு சக்கரத்தில் மாட்டினால் மினிபைக். அப்புறம் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிட்டது, செய்யவும் செய்தார்கள்.

கலிபோர்னியாவின் அல்ஹாம்ப்ராவில் ஸ்டீன்ஸ் கடை டாகோ வண்டிகளை விற்றது, சான் ஹோசேயில் பொனான்ஸா வந்தது. ஒஹாயோவின் மான்ஸ்ஃபீல்டில் மிக்கி ரப் கோ-கார்ட்டில் ஆரம்பித்து மினிபைக்குக்கு வந்தார். சும்மா உட்கார்ந்து கணக்கு பார்க்கும் முதலாளி இல்லை அவர். 1965 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் தானே ஓட்டி ஆறாவதாக வந்தவர். ரப் பெயருக்கு இன்று இருக்கும் மவுசில் அந்தக் கதைக்கும் பங்கு உண்டு. இந்தப் பெரிய பெயர்கள் போக, சியர்ஸ், மான்ட்கொமரி வார்ட் மாதிரியான கடைகள் தங்கள் பெயரில் விற்றவையும், ஊர் வெல்டிங் பட்டறைகள் செய்தவையும் ஏராளம். அவற்றில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் உரிந்துபோனால் வண்டிக்குப் பெயரே கிடையாது. பெயர் இல்லாத வண்டிக்கு நல்ல பெயராகப் பார்த்து வைப்பது விற்பவர்களின் வழக்கம்.

என் வண்டிக்கு நடந்ததும் அதுதான். நிறைய ரப் சட்டங்களைப் பிரித்துச் சேர்த்த ஒரு நண்பர் வந்து, ஹேண்டில் தண்டு நுழையும் குழாயையும் சீட்டுப் பிடிமானத்தையும் அரை நிமிடம் பார்த்தார். "இது ரப் இல்லை. அதுக்காக வருத்தப்படாதீங்க, வெல்டிங் பரவாயில்லை" என்றார். முதல் கதை அங்கே முடிந்தது.

எஞ்சின் பலகை சொன்னது

இரண்டாவது கதை முடியக் கொஞ்ச நாள் ஆனது. எஞ்சினைக் கழற்றி, அது உட்காரும் இரும்புப் பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்தபோது எட்டு ஓட்டைகள் தெரிந்தன. எஞ்சினுக்குத் தேவை நான்கு.

அந்த எட்டில் நான்கு நீளவாட்டத் துளைகள். ஒரே அளவு, ஓரமெல்லாம் சுத்தமாக அச்சில் அடித்தவை. கம்பெனி வேலை என்று பார்த்தாலே தெரிகிறது. எஞ்சினை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்குவதற்காக அப்படி நீளமாக விடுவார்கள். மற்ற நான்கும் உருண்டைத் துளைகள், கை டிரில்லில் போட்டவை. ஒன்று சரியான இடத்தில் விழாமல், அரத்தால் ராவி முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. என் டெகம்சே போல்ட் போட்டிருந்தது இந்த உருண்டைத் துளைகளில்தான். கம்பெனித் துளைகளில் அது உட்காரவே இல்லை. நண்பரிடமிருந்த ஒரு சின்ன பிரிக்ஸ் (பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனி) எஞ்சினைத் தூக்கி வைத்துப் பார்த்தோம். நான்கு போல்ட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கின.

ஆக, கம்பெனியிலிருந்து வந்தபோது இதில் இருந்தது ஒரு சின்ன பிரிக்ஸ், அல்லது அதே அடிப்பாகம் கொண்ட வேறு ஒன்று. யாரோ பின்னால் டெகம்சேயை மாட்டியிருக்கிறார்கள். சரி, எப்போது?

இந்த இடத்தில் எஞ்சின் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். பிரிக்ஸ் எஞ்சின் என்றால் சுலபம். அதன் குறியீட்டு எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்த இரண்டு தேதி. 700512 என்று ஆரம்பித்தால் 1970 மே 12. டெகம்சேவில் சிக்கனம் அதிகம். சீரியல் எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம் மட்டுமே, அடுத்த மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. என் எஞ்சினில் இருந்தது 0143. பூஜ்ஜியத்தில் முடியும் வருடம், 143-வது நாள். அதாவது மே மாதம் 22 அல்லது 23. ஆனால் 1960-ஆ, 1970-ஆ, 1980-ஆ? அதை எண் சொல்லாது.

ஃபிளைவீலைக் கழற்றினேன். அடியில் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பாயின்ட், கண்டென்சர், காயில் மூன்றும் பழைய முறையில் உட்கார்ந்திருந்தன. எலக்ட்ரானிக் இக்னிஷன் வருவதற்கு முந்தைய அமைப்பு. இது 1980-ஐக் கொஞ்சம் தள்ளி வைக்கிறதே தவிர முழுசாக ஒதுக்கவில்லை. எஞ்சினின் உறையும் ஸ்டார்டரும் 1960-க்குப் பொருந்தவில்லை. ஆனால் உறை என்பது நான்கு போல்ட்டில் கழன்று மாறும் சாமான், அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.

அப்புறம்தான் பெயிண்ட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

மறைவான ஒரு இடத்தில், பலகைக்கு அடிப்பக்கம், 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேய்த்தால் அடுக்கடுக்காக வளையங்கள் தெரியும். மரத்தை வெட்டினால் தெரிகிற வளையம் மாதிரிதான். எனக்குத் தெரிந்தவை மூன்று. மேலே ஸ்ப்ரே கறுப்பு. அதற்கடியில் பிரஷ்ஷால் அடித்த தடித்த சிவப்பு, முடி ஒட்டிய கோடுகூடத் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் அடியில், இரும்பை ஒட்டி, மெல்லிய நீலம். கம்பெனி நிறம் நீலம். (1978-ல்தான் அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை உலர்வாகத் தேய்த்துப் பொடியைச் சுவாசிக்கக் கூடாது. ஈரத்தில் தேய்க்க வேண்டும், முகமூடி போட வேண்டும், கழிவை வாசலில் கொட்டக் கூடாது.)

பிறகு துளைகளின் உட்சுவரைப் பார்த்தேன். கம்பெனித் துளைகளுக்குள் நீலமும் இருந்தது, அதன் மேல் சிவப்பும் இருந்தது. கையால் போட்ட உருண்டைத் துளைகளுக்குள் நீலம் இல்லை. வெறும் இரும்பின் மேல் நேராகச் சிவப்பு. ஆகவே துளை போட்டது நீலத்துக்குப் பின், சிவப்புக்கு முன். எஞ்சினை மாற்றியவரே, அல்லது அவருக்குப் பிறகு வந்த ஒருவர், சிவப்பு அடித்திருக்கிறார்.

சிவப்பு எப்போது அடித்தது என்று தெரிந்துவிட்டால் போதும். அதைச் சீட்டு சொன்னது. கிழிந்த ரெக்சினைப் பிரித்தபோது, பஞ்சு போதாத இடத்தில் மடித்துத் திணித்த செய்தித்தாள் வந்தது. ஒரு உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம், முழுக்க ஹைஸ்கூல் கூடைப்பந்து முடிவுகள். கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்த இந்தியானாவில் மார்ச் மாதம் வேறு எது அச்சாகும்! தேதி 1974 மார்ச். சீட்டின் அடித்தகட்டில் அதே பிரஷ் சிவப்பு அடித்திருந்தது. பெயிண்ட் முழுசாகக் காய்வதற்குள் காகிதத்தை வைத்து மூடியிருக்கிறார்கள், அச்செழுத்து தலைகீழாகச் சிவப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

செய்தித்தாள் தேதி என்பது அதற்கு முன்னால் நடந்திருக்காது என்று மட்டும்தான் சொல்லும், பின்னால் எவ்வளவு நாள் கழித்து என்று சொல்லாது. உண்மைதான். ஆனால் சீட்டுக்குள் திணிக்க ஆறு வருடப் பழைய பேப்பரைத் தேடிக்கொண்டா போவார்கள்? கையெட்டும் தூரத்தில் கிடப்பதைத்தான் எடுப்பார்கள். 1974 வசந்தத்தில், பனி உருகியதும், வண்டி சிவப்பாகியிருக்கிறது. துளைகள் அதற்கு முன்பே போட்டவை. ஆகவே எஞ்சினில் இருக்கும் பூஜ்ஜியம் 1980 இல்லை. உறையும் ஸ்டார்டரும் பொருந்தாத 1960-ம் இல்லை என்று வைத்துக்கொண்டால், 1970. பிறந்த நாள் 1970 மே 23.

எந்த வருடத்துக்குத் திருப்புவது

பழைய வண்டியைச் "சரிசெய்வது" என்றால் ஒரு குறிப்பிட்ட தேதிக்குத் திருப்புவது என்று அர்த்தம். எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, கம்பெனி நிலை. நீலப் பெயிண்ட், கம்பெனித் துளைகளில் அந்தக் காலத்துப் பிரிக்ஸ், உருண்டைத் துளைகளை வெல்ட் வைத்து அடைத்துவிடுவது. சேகரிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் இதைத்தான் சொல்வார்கள். ரப், டாகோ, பொனான்ஸா மாதிரி வண்டி என்றால் நானும் யோசிக்காமல் அதையே செய்திருப்பேன். அவற்றுக்கு விளம்பரத் தாள், பாக வரைபடம், ஒப்பிட்டுப் பார்க்க வேறு வண்டிகள் எல்லாம் இருக்கின்றன. இந்தப் பெயரில்லாத வண்டிக்கு அப்படி எதுவும் இல்லை. எந்தப் பிரிக்ஸ், எந்தக் கிளட்ச், ஸ்டிக்கர் எங்கே இருந்தது எல்லாமே யூகம். கடைசியில் என்னிடம் இருக்கப்போவது என் கற்பனையில் ஓடிய ஒரு 1968.

இரண்டாவது வழி, பழைய எஞ்சினைத் தூக்கிப்போட்டுவிட்டு ஹோண்டா ஜிஎக்ஸ் எஞ்சினைப் பார்த்துச் செய்த 212 சிசி புது எஞ்சின் ஒன்றை மாட்டுவது. விலை மலிவு, ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும், சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிறைய இளைஞர்கள் இதைத்தான் செய்கிறார்கள், அதில் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் டயரின் மேல் தேய்க்கும் தகடுதான் பிரேக்காக இருக்கும் சட்டத்தில் இரண்டு மடங்கு சக்தியை வைப்பது சரியான யோசனை இல்லை. எஞ்சின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரைக் கழற்றி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்த ரக எஞ்சின்களின் ஃபிளைவீல் நிமிடத்துக்கு 3600 சுற்றை மனதில் வைத்துச் செய்தது. அதைத் தாண்டி வெகுதூரம் போனால் அலுமினிய கனெக்டிங் ராடு உடையும், அதைவிட மோசமாக, ஃபிளைவீலே தெறிக்கும். அது தெறிக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டுபவரின் தொடை இருக்கிறது.

மூன்றாவது வழி 1974. யாரோ ஒரு அப்பா, அல்லது ஒரு அண்ணன், செத்துப்போன எஞ்சினைக் கழற்றிவிட்டு, வேறு எங்கிருந்தோ ஒரு டெகம்சேயைக் கொண்டுவந்து, துளை போட்டு, தப்பாகப் போட்ட ஒன்றை ராவி, மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டை அடித்து, சீட்டைத் தைத்துக் கொடுத்த அந்த வசந்தம். அந்த நிலைக்கு மட்டும்தான் என்னிடம் முழுச் சாட்சி இருந்தது. பாகங்களும் எல்லாம் அப்படியே இருந்தன. இந்த வண்டிகள் பாதியும் வீட்டுக் கொட்டகையில் பிறந்தவை, மீதிப் பாதி வீட்டுக் கொட்டகையில் பிழைத்தவை. அந்தக் கை வேலையை வெல்ட் வைத்து மறைத்துவிட்டு மேலே நீலம் பூசினால் நான் எதைக் காப்பாற்றினேன்?

கறுப்பை மட்டும் எடுத்துவிட்டுச் சிவப்பில் நின்றுவிடுவது என்று முடிவு செய்தேன். "இதனால் விலை குறையும்" என்றார் நண்பர். குறையும்தான். பெயரில்லாத வண்டிக்குக் குறைய எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன், சிரித்துவிட்டார்.

எஞ்சின்

இது டெகம்சே எச்35. மூன்றரை குதிரைசக்தி, ஏறக்குறைய 150 சிசி, சைட் வால்வு. வால்வுகள் தலையில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் மேல்நோக்கி நிற்கும். தலை என்பது துடுப்பு வைத்த ஒரு அலுமினிய மூடி மட்டுமே. ஆயில் பம்ப் இல்லை, கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் ஒரு சின்னக் கரண்டி ஆயிலை அள்ளித் தெளிக்கும். அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் எஸ்ஏஇ 30 ஆயில், அதைச் சமதளத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். டெகம்சே எஞ்சின் தயாரிப்பை 2008 முடிவோடு நிறுத்திவிட்டது. ஆனால் புல்வெட்டும் மெஷின், பனி தள்ளும் மெஷின் என்று ஊரெல்லாம் ஓடிய குடும்பம் என்பதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை.

இறுகிப்போனதற்குக் காரணம் பெரிதாக இல்லை. ரிங் சிலிண்டரோடு துருவில் ஒட்டியிருந்தது. தலையைக் கழற்றிவிட்டு, அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சமமாகக் கலந்து பிஸ்டன் மேல் ஊற்றி நான்கு நாள் விட்டேன். ஐந்தாம் நாள் ஒரு மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்ட அசைந்தது. பழைய மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்லும் ஒரே அறிவுரை, ஃபிளைவீலைப் பிடித்துத் திருகாதே என்பது. அதையும் ஷாஃப்டையும் பூட்டும் சாவி அறுந்தால் டைமிங் போய்விடும். எஞ்சின் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று அப்புறம் ஒரு வாரம் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

பாயின்ட் முகத்தில் சாம்பல் நிற ஆக்சைடு படிந்திருந்தது. மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமில்லாமல் இருக்க ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாளை நடுவில் விட்டு இழுத்தேன். இடைவெளி 0.020 அங்குலம், நம் கணக்கில் அரை மில்லிமீட்டர். பிளக் இடைவெளி 0.030. பழைய கண்டென்சரே வேலை செய்தது, ஆனால் மாற்றிவிட்டேன். பொறி வந்தது, நீலமாக, டப்பென்று. ஐம்பது வருடம் சும்மா கிடந்த காந்தத்திலிருந்து பொறி வருவதைப் பார்ப்பது எனக்கு எத்தனை முறையானாலும் அலுக்காது.

கார்புரேட்டரில்தான் மாட்டிக்கொண்டேன். முழுக்க என் தப்பு. இந்தக் கார்புரேட்டரில், பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் ஃப்ளோட் நீடில் உட்காருவதற்கு ஒரு பொடி ரப்பர் வளையம் உண்டு, மிளகைவிடச் சிறியது. அதன் ஒரு முகம் வழவழப்பாக இருக்கும், இன்னொரு முகத்தில் வட்டமாக ஒரு பள்ளம் இருக்கும். பள்ளம் உள்ளே போக வேண்டும், வழவழப்பான முகம் நீடிலைப் பார்க்க வேண்டும். நான் மாற்றிப் போட்டுவிட்டேன். பெட்ரோல் நிற்காமல் வழிந்தது. ஃப்ளோட் உயரத்தை மூன்று முறை மாற்றினேன், ஃப்ளோட்டையே மாற்றினேன், கிண்ணத்தின் கேஸ்கட்டை மாற்றினேன். கடைசியில் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. நீடில் ஒரு பள்ளத்தின் மேல் உட்கார்ந்து அடைக்கப் பார்க்கிறது, எப்படி அடைக்கும்?

இன்னொன்று, கிண்ணத்தை அடியில் பிடித்திருக்கும் நட்டு. அது வெறும் நட்டு இல்லை, அதற்குள்தான் பெட்ரோல் போகும் வழி. பக்கவாட்டில் ஊசி முனையும் நுழையாத ஒரு துளை இருக்கிறது, ஐடில் ஓடுவதற்கான பெட்ரோல் அதன் வழியாகத்தான் போகிறது. "கார்புரேட்டரை முழுசாகச் சுத்தம் பண்ணிட்டேன், ஆனா சோக்கை எடுத்தா ஆஃப் ஆயிடுது" என்று யாராவது சொன்னால், முதலில் அந்தத் துளைக்குள் கிட்டார் தந்தி ஒன்றை விட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் அதைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டியிருப்பார்கள்.

முதல் ஸ்டார்ட் மூன்றாவது இழுப்பில். ஸ்டார்ட் ஆன அதே நொடியில் கத்த ஆரம்பித்தது. கவர்னர் கம்பியைப் பக்கத்துத் துளையில் மாட்டியிருக்கிறேன், அது த்ராட்டிலை மூடுவதற்குப் பதில் திறந்துகொண்டே போகிறது. பிளக்குக்குப் பக்கத்தில் ஒரு தகட்டு நாக்கு இருக்கும், அதை பிளக்கின் மேல் அழுத்தினால் எஞ்சின் நிற்கும். கையுறை போட்டிருந்ததால் தயங்காமல் அழுத்தினேன். அன்றைக்கு மேலே எதுவும் செய்யவில்லை. டீ போட்டுக் குடித்துவிட்டுக் கொட்டகையைப் பூட்டினேன்.

சட்டம், சக்கரம், செயின்

ஒற்றைச் சிலிண்டர் அதிர்வில் எஞ்சின் பலகையின் பின்மூலையில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. இந்த வண்டிகளில் அநேகமாக அங்கேதான் விடும். வெல்ட் வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்டிங் வைக்கக் கூடாது. சூட்டில் ஃபாஸ்ஜீன் வாயு வரும், அது விஷம். நான் சோப்பும் தண்ணீரும், பிறகு அசிட்டோனும் போட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டு வைத்தேன். வெல்ட் வைத்த இடத்தில் மட்டும் சிவப்பு போனது. புதுச் சிவப்பைக் கலந்து தொட்டுவிட்டேன். கிட்டே வந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும், தெரியட்டும்.

டயர் அளவு 4.10/3.50-5, இரண்டு இரும்பு அரைவட்டுகளைப் போல்ட் போட்டுச் சேர்த்த ரிம். நான் நேராக ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டில் வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பெரியவர் கத்தினார், "முதல்ல காத்தை இறக்குங்க!" பன்னிரண்டு வயதில் அவரிடம் இப்படி ஒரு வண்டி இருந்ததாம். டியூபில் காற்று இருக்கும்போது அந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால் இரண்டு பாதியும் முகத்தை நோக்கிப் பறக்கும். அவருடைய தம்பியின் முன்பல் அப்படித்தான் போனதாம்.

செயின் 35 நம்பர். இந்த எண்ணிலேயே விவரம் இருக்கிறது. முதல் இலக்கம் கண்ணிக்குக் கண்ணி தூரம், அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று. ஆக 3/8 அங்குலம். கடைசியில் 5 இருந்தால் உருளை இல்லாத செயின் என்று அர்த்தம், வெறும் புஷ் மட்டும்தான் பல்லில் உரசும். அதனால் நேர்க்கோடு கொஞ்சம் தவறினாலும் ஸ்ப்ராக்கெட்டைத் தின்றுவிடும். அந்த முட்டை வடிவத் துளையால் எஞ்சின் லேசாகத் திரும்பி உட்கார்ந்து, பின் ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பக்கப் பற்கள் கத்தி மாதிரி தேய்ந்திருந்தன. 1974 ஆளின் வேலையில் நான் திருத்திய ஒரே இடம் இது. முட்டைத் துளைக்குள் ஒரு இரும்பு வளையத்தை இறக்கி, நேராக்கினேன். உருண்டைத் துளைகளில் எஞ்சினை நகர்த்தவும் முடியாதே, செயினை எப்படி இறுக்கினார் என்று பார்த்தால் ஒரு அரைக்கண்ணியைச் சேர்த்துச் சமாளித்திருக்கிறார். அதை விட்டுவிட்டேன்.

கிளட்சில் 10 பல், பின்னால் 60. எஞ்சின் 3600 சுற்றில் சக்கரம் 600 சுற்று சுற்றும். டயர் விட்டம் ஏறக்குறைய ஒரு அடி. கணக்குப் போட்டால் மணிக்கு 34 கிலோமீட்டர் வருகிறது. கேட்கும்போது சின்ன எண் மாதிரி இருக்கிறது. தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில், சஸ்பென்ஷன் இல்லாமல், புல்தரையில் 34 என்பது வேறு விஷயம்.

பிரேக் என்று இருப்பது, பெடலை மிதித்தால் பின்டயரின் மேல் போய் உரசும் ஒரு வளைந்த தகடு. டயர் உலர்ந்திருந்தால் நிற்கும். காலைப் பனியில் புல் நனைந்திருந்தால் யோசித்து நிற்கும். இதைப் பார்த்த பிறகுதான் எழுபதுகளின் பெற்றோர்கள் ஹோண்டா பக்கம் ஏன் திரும்பினார்கள் என்று புரிந்தது. 1961-ல் டோக்கியோவுக்கு அருகில் டாமா டெக் பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடச் செய்த குட்டி வண்டியிலிருந்து வளர்ந்து, 1968-ல் அமெரிக்காவுக்கு ஹோண்டாவின் இசட்50ஏ மினிபைக் வந்தது. மூன்று கியர், இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஒழுங்கான சைலன்சர். அதற்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வண்டி எத்தனை நாள் நிற்கும்? அடுத்து காடுமேட்டில் ஓட்டும் மூன்று சக்கர மோட்டார் வண்டிகளும் வந்துவிட்டன. ரப் கம்பெனியே எழுபதுகளின் இறுதிக்குள் மூடிவிட்டது.

கணக்கு முடிக்கும்போது வண்டி 275, பாகங்கள் 190, டயரும் டியூபும் 85, மொத்தம் 550 டாலர். நேரத்தை எழுதி வைக்கவில்லை, எழுதி வைத்திருந்தால் வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விற்றால் அந்த 550 திரும்ப வருமா என்பது சந்தேகம்தான்.

அந்த 1974 பேப்பரை அமிலமில்லாத உறையில் போட்டு வைத்திருக்கிறேன். சீட்டை மறுபடி தைத்தபோது, பஞ்சு இப்போதும் அதே மூலையில் கொஞ்சம் போதவில்லை. கையெட்டும் தூரத்தில் கிடந்த அந்த வார உள்ளூர்ப் பேப்பரை மடித்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். பிரேக் பெடல் மட்டும் மிதித்தால் திரும்ப மேலே வருவதில்லை, அதற்கு ஒரு ஸ்பிரிங் வேண்டும். ஜூலையில் போர்ட்லண்டில் தேட வேண்டும்.